கையில் இருக்கும் கலைப்படைப்பைக் காப்பாற்றுவது எப்படி: முழுமையான வழிகாட்டி

ஒரு நீர்வண்ண ஓவியம் பல ஆண்டுகளாகச் சுவரில் தொங்குகிறது. சட்டத்தை மாற்றலாம் என்று ஒருநாள் கழற்றுகிறீர்கள். படத்தைச் சுற்றி வைக்கும் மவுண்ட் அட்டை மூடியிருந்த விரல் அகல ஓரத்தில் மட்டும் வானம் இளஞ்சிவப்பாக இருக்கிறது, மற்ற இடமெல்லாம் சாம்பல். மேகமூட்டமான பகல் என்று நினைத்து இத்தனை நாளும் நீங்கள் பார்த்துக்கொண்டிருந்தது ஓர் அந்திப்பொழுது.

கலைப்படைப்பு அழிவது என்றதும் தீயும் வெள்ளமும் கத்தியும்தான் நினைவுக்கு வரும். 1966 நவம்பர் 4 அன்று ஃப்ளாரன்ஸ் நகருக்குள் ஆர்னோ ஆறு புகுந்து சிமாபுவேயின் சிலுவை ஓவியத்தில் பெரும்பகுதி வண்ணத்தை உரித்துச் சென்றது. 1985இல் ஹெர்மிடாஜ் அருங்காட்சியகத்தில் ரெம்பிராண்டின் ‘டானயே’ மீது ஒருவர் கந்தக அமிலத்தை ஊற்றினார். அதைச் சீராக்கி மறுபடி காட்சிக்கு வைக்கப் பன்னிரண்டு ஆண்டுகள் ஆயின. இவையெல்லாம் செய்தியாகின்றன. அந்த நீர்வண்ண வானம் செய்தியாவதில்லை. வெளிச்சம், ஈரம், மட்டமான அட்டை, அக்கறையோடு தூசு துடைத்த கை என்று சத்தமில்லாமல் வேலை செய்பவைதான் பெரும்பாலான படைப்புகளைத் தின்கின்றன. இவற்றில் அநேகமாக எல்லாவற்றையும் ஒரு சாதாரண வீட்டிலேயே தடுக்க முடியும்.

எல்லாப் படிகளுக்கும் பொதுவாக ஒரே விதி: பின்னால் வருபவர் அகற்ற முடியாத எதையும் படைப்பின் மேல் சேர்க்காதீர்கள். ஒட்டும் பசை, பூசும் வார்னிஷ், தடவும் எண்ணெய் எல்லாம் இதில் அடங்கும். சந்தேகம் வந்தால் கையைக் கட்டிக்கொண்டு நிற்பதே சரியான வேலை.

படி 1: தொடுவதற்கு முன் பாருங்கள், எழுதிவையுங்கள்

முதல் ஒரு மணி நேரத்தைச் சும்மா பார்ப்பதற்கு ஒதுக்குங்கள். பகல் வெளிச்சத்தில் முன்புறம், பின்புறம், நான்கு மூலைகள், கையெழுத்து எல்லாவற்றையும் படம் எடுங்கள். பிறகு அறை விளக்கை அணைத்துவிட்டு, ஒரு டார்ச்சை ஓவியத்தின் பக்கவாட்டில், மேற்பரப்பை ஒட்டினாற்போல் சாய்த்துப் பிடியுங்கள். நேர் வெளிச்சத்தில் தெரியாத மேடுபள்ளம், விரிசல், கேன்வாஸின் தொய்வு எல்லாம் நிழல் விழுந்து வெளிப்படும். ஓவியங்களைச் சீரமைக்கும் வல்லுநர்களும் தொடக்கத்தில் இதைத்தான் செய்கிறார்கள்.

அந்த வெளிச்சத்தில் முக்கியமாகத் தேட வேண்டியது, ஓடு பெயர்ந்த கூரைபோல விளிம்பு தூக்கி நிற்கும் வண்ணச் செதில்கள். ஒன்று கண்ணில் பட்டாலும் அங்கேயே நிறுத்துங்கள். தூசுகூடத் தட்டக் கூடாது. ஓவியத்தை முகம் மேலே இருக்கும்படி மெல்லப் படுக்க வைத்துவிட்டு, நேராகக் கடைசிப் படிக்குப் போய்விடுங்கள். ஏற்கனவே உதிர்ந்த செதில்களை ஒரு சிறு உறையில் போட்டு, எந்த இடத்தில் கிடந்தவை என்று குறித்து வையுங்கள். அவற்றைத் திரும்ப ஒட்ட முடியும்.

பின்புறத்தை யாரும் பார்ப்பதில்லை என்பது எனக்கு எப்போதும் வருத்தம். பழைய சீட்டு, பென்சில் குறிப்பு, முத்திரை, கண்காட்சி எண் என்று ஓவியத்தின் வரலாறு பெரும்பாலும் அங்கேதான் எழுதப்பட்டிருக்கும். அழுக்காக இருக்கிறது என்று அதைக் கிழித்து எறிந்தவர்கள் ஏராளம். இருப்பது இருந்தபடியே இருக்கட்டும்.

குறிப்புகளைப் பென்சிலால் எழுதுங்கள். படைப்பின் அருகில் பேனாவே வேண்டாம். ஆண்டுக்கு ஒருமுறை அதே இடத்திலிருந்து, அதே வெளிச்சத்தில் மறுபடி படம் எடுங்கள். மெதுவாக நடக்கும் மாற்றம் தினமும் பார்ப்பவர் கண்ணுக்குத் தெரியாது. இரண்டு படங்களை அருகருகே வைத்தால் தெரியும்.

படி 2: எதனால் ஆனது என்று அறிந்துகொள்ளுங்கள்

சில படைப்புகள் பிறக்கும்போதே தம் அழிவையும் சுமந்து பிறக்கின்றன. லியோனார்டோ டா வின்சி 1495 வாக்கில் மிலான் மடத்தின் உணவுக்கூடத்தில் ‘கடைசி இராவுணவு’ ஓவியத்தைத் தொடங்கியபோது, ஈரச் சுண்ணாம்புச் சாந்தில் விரைந்து வரையும் வழக்கமான முறையைக் கைவிட்டார். நிதானமாகத் திருத்தித் திருத்தி வரைய வேண்டும் என்பதற்காக உலர்ந்த சுவரில் வரைந்தார். ஈரச் சாந்தில் வண்ணம் சுவரோடு சுவராகக் கெட்டிப்பட்டுவிடும். உலர்ந்த சுவரில் அது மேலே ஒட்டிக்கொண்டுதான் நிற்கும். அவர் உயிரோடு இருந்தபோதே அது பெயரத் தொடங்கிவிட்டது. 1978 முதல் 1999 வரை இருபது ஆண்டுகளுக்கு மேல் நடந்த சீரமைப்புக்குப் பிறகும், பார்வையாளர்களைச் சிறுசிறு குழுக்களாக, 15 நிமிடம் மட்டுமே உள்ளே விடுகிறார்கள்.

இருபதாம் நூற்றாண்டின் புதிய பொருள்கள் இன்னும் வேகமாகக் கைவிட்டன. நவும் காபோ ஆரம்பகால பிளாஸ்டிக்கில் செய்த சிற்பங்களில் சில வளைந்து, வெடித்து, அமிலம் கசிந்து சிதைந்தன. ஈவா ஹெஸ்ஸே 1960களின் இறுதியில் லேடெக்ஸ் என்ற ரப்பர்ப் பாலில் செய்த படைப்புகள் பழுப்பேறி இறுகின. ஒருகாலத்தில் துணிபோல் தொய்ந்து கிடந்தவை இன்று தொட்டால் நொறுங்கும் நிலையில் இருக்கின்றன.

உங்களிடம் இருப்பது எந்தப் பக்கம் சாய்கிறது என்று பாருங்கள். எண்ணெய் ஓவியம் வெளிச்சத்தை ஓரளவு தாங்கும். ஈரப்பதத்தின் ஏற்ற இறக்கத்தைத் தாங்காது. நீர்வண்ணம், மை, பேஸ்டல், அச்சுப்படம், துணி ஆகியவற்றுக்கு முதல் எதிரி வெளிச்சம். ஸ்கெட்ச் பேனாவாலோ ஒளிரும் மார்க்கராலோ வரைந்தவை சில மாதங்களிலேயே வெளிறிவிடும். செய்தித்தாள் காகிதத்தில் மரக்கூழின் லிக்னின் என்ற பொருள் இருப்பதால் அது தானாகவே மஞ்சளாகி நொறுங்கும். பழைய கறுப்பு மை சிலவற்றில் இரும்பும் அமிலமும் கலந்திருக்கும். எழுத்தின் கோட்டிலேயே காகிதத்தை அரித்து ஓட்டை போட்டுவிடும். வண்ணப் புகைப்படங்களின் சாயம் இருட்டிலும் மங்கும். குளிர்ச்சி அதைத் தாமதப்படுத்தும். அக்ரிலிக் ஓவியம் குளிரில் விறைத்து எளிதில் வெடிக்கும், வெப்பத்தில் மென்மையாகித் தூசைப் பிடித்துக்கொள்ளும்.

டிஜிட்டல் படைப்பு பத்திரமானது என்ற நம்பிக்கையும் தவறு. கொரியாவில் பிறந்த கலைஞர் ‘நாம் ஜூன் பைக்’ செய்த வீடியோ சிற்பங்களுக்குத் தேவையான பழைய படக்குழாய்த் தொலைக்காட்சிகளை இன்று யாரும் தயாரிப்பதில்லை. உங்கள் கோப்புகளுக்கு மூன்று பிரதிகள் வையுங்கள். அவற்றை இரண்டு வகைச் சேமிப்புக் கருவிகளில் வைத்து, ஒன்றை வேறோர் இடத்தில் வையுங்கள். ஆண்டுக்கு ஒருமுறை திறந்து பார்த்துவிடுங்கள்.

படி 3: வெளிச்சத்தைக் குறையுங்கள்

ஈரத்தில் வளைந்த காகிதத்தை நிமிர்த்தலாம், கிழிந்த கேன்வாஸை இணைக்கலாம். வெளிச்சம் கொண்டுபோன நிறத்தைத் திரும்பக் கொண்டுவர வழியே இல்லை. அதனால் இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியைத்தான் செய்ய நேரம் இருக்கிறது என்றால், இதைச் செய்யுங்கள்.

1888இல் வின்சென்ட் வான் கோ தம் படுக்கையறையை வரைந்தபோது, சுவர்கள் வெளிர் ஊதா என்று தம்பிக்கு எழுதினார். இன்று நாம் பார்ப்பது நீலச் சுவர். நீலத்தோடு அவர் கலந்த சிவப்பு வெளிச்சத்தில் வெளிறிவிட்டது, நீலம் மட்டும் மிஞ்சியது. 1890இல் அவர் வரைந்த ரோஜாக்களும் அப்படித்தான்: இளஞ்சிவப்பாக இருந்தவை இன்று ஏறக்குறைய வெள்ளை.

வெளிச்சத்தின் சேதம் கூட்டிக்கொண்டே போகும் கணக்கு. எவ்வளவு வெளிச்சம், எத்தனை மணி நேரம் என்ற இரண்டையும் பெருக்கிப் பாருங்கள். வெளிச்சத்தை லக்ஸ் என்ற அலகில் அளக்கிறார்கள். காகிதம், துணி, நீர்வண்ணம் போன்றவற்றுக்கு 50 லக்ஸ், எண்ணெய் ஓவியத்துக்கு 200 லக்ஸ் வரை என்பது அருங்காட்சியகங்கள் நெடுநாளாகக் கடைப்பிடிக்கும் அளவு. நேர் வெயிலோ சுமார் 1,00,000 லக்ஸ். அப்படியென்றால் ஒரு மணி நேர வெயில், 50 லக்ஸ் அறையில் 2,000 மணி நேரத்துக்குச் சமம். நாளுக்கு எட்டு மணி நேரம் திறந்திருக்கும் காட்சிக்கூடத்தில் அது 250 நாள். காலையில் சற்று நேரம்தானே வெயில் விழுகிறது என்று விட்டுவைக்கும் சுவரை இந்தக் கணக்கோடு பாருங்கள்.

செய்ய வேண்டியவை இவை. ஜன்னலுக்கு எதிர்ச்சுவரில் மாட்டாதீர்கள். ஜன்னல் இருக்கும் அதே சுவரில் மாட்டுங்கள், அங்கே நேர் வெளிச்சம் விழாது. கைப்பேசியின் லக்ஸ் செயலி துல்லியமாக இருக்காது. ஆனாலும் எந்தச் சுவர் பிரகாசம், எது மங்கல் என்று ஒப்பிடப் போதும். காலை, நண்பகல், மாலை என மூன்று வேளையும் அளந்து பாருங்கள். ஆள் இல்லாத நேரத்தில் திரையை இழுத்து மூடிவிடுங்கள். சட்டத்தின் தலையில் பொருத்தும் குட்டி விளக்குகள் வேண்டாம், அவை ஒரே இடத்தில் வெப்பத்தையும் வெளிச்சத்தையும் கொட்டும். எல்இடி விளக்கில் புற ஊதாக் கதிர் மிகக் குறைவு என்பதால் அது நல்லது. ஆனால் கண்ணுக்குத் தெரியும் வெளிச்சமும் நிறத்தை வெளிறவைக்கும். புற ஊதாவைத் தடுக்கும் கண்ணாடி போட்டுவிட்டோம், இனி வெயிலில் மாட்டலாம் என்று நினைத்து ஏமாந்தவர்கள் நிறைய.

உங்கள் சுவர் எப்படி என்று ஐயமிருந்தால் ப்ளூ வூல் அட்டை ஒன்று வாங்குங்கள். வெவ்வேறு வேகத்தில் வெளிறும் எட்டு நீலக் கம்பளிப் பட்டைகள் அதில் இருக்கும். பாதியை அலுமினியத் தாளால் மூடி, ஓவியம் மாட்ட நினைக்கும் இடத்தில் வையுங்கள். சில மாதங்களில் மூடிய பாதிக்கும் திறந்த பாதிக்கும் கோடு விழுந்தால், உங்கள் ஓவியத்துக்கு நடக்கப்போவது அதுதான்.

காகிதப் படைப்புகளுக்கு ஓய்வும் கொடுங்கள். மூன்று மாதம் சுவரில், மீதி நாள் பெட்டியில். மிகவும் மதிப்புக்குரியது என்றால் தரமான அச்சுப் பிரதி எடுத்து அதை மாட்டிவிட்டு மூலத்தைப் பெட்டியில் வையுங்கள். இதில் கௌரவக் குறைச்சல் ஒன்றும் இல்லை. பிரான்ஸின் லாஸ்கோ குகையின் பழங்கால ஓவியங்களை 1963 முதல் பொதுமக்களுக்கு மூடிவிட்டார்கள். 1983 முதல் மக்கள் பார்ப்பது அருகில் கட்டிய பிரதிக் குகையைத்தான்.

ஒரு விதிவிலக்கு உண்டு. எண்ணெய் ஓவியத்தை முழு இருட்டில் பல ஆண்டுகள் பூட்டி வைத்தால், வண்ணத்தில் உள்ள எண்ணெய் மஞ்சளாகும். மிதமான வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தால் அந்த மஞ்சள் பெரும்பாலும் குறையும். ஆகவே எண்ணெய் ஓவியம் சுவரிலேயே இருக்கட்டும், வெயில் மட்டும் படாமல்.

இழந்த நிறத்தைத் தேடிப் போனவர்கள் செய்த மிக அழகான வேலை ஒன்றைச் சொல்ல வேண்டும். மார்க் ராத்கோ ஹார்வர்டு பல்கலைக்கழகத்துக்கு வரைந்த பெரிய ஓவியங்களை 1964இல் ஜன்னல் நிறைந்த ஓர் உணவுக்கூடத்தில் மாட்டினார்கள். அவர் பயன்படுத்திய லித்தால் சிவப்பு என்ற நிறமி வெயிலில் நிற்கவில்லை. 1979இல் கழற்றிக் கிடங்கில் வைத்தார்கள். மேலே வண்ணம் பூசினால் ராத்கோவின் கை மறைந்துவிடும். 2014இல் வேறொரு வழி கண்டார்கள்: பழைய படங்களிலிருந்து மூல நிறத்தைக் கணித்து, ஓவியத்தின் ஒவ்வொரு புள்ளியிலும் எவ்வளவு நிறம் குறைகிறதோ அவ்வளவு வண்ண ஒளியை ப்ரொஜெக்டரால் பாய்ச்சினார்கள். சிவப்பு திரும்ப வந்தது. மாலையில் ப்ரொஜெக்டரை அணைத்தால், மங்கிய ஓவியம் இருந்தபடியே இருக்கும். ஒரு சொட்டு வண்ணமும் அதன் மேல் விழவில்லை.

படி 4: ஈரப்பதத்தை நிலையாக வையுங்கள்

மரம், கேன்வாஸ், காகிதம், பசை எல்லாம் காற்றில் உள்ள ஈரத்தைக் குடித்து உப்பும், இழந்து சுருங்கும். வண்ணப்படலம் அதே அளவு நெகிழாது. அடியில் உள்ளது அசைய, மேலே உள்ளது வெடிக்கிறது. ‘மோனா லிசா’ வரையப்பட்டது பாப்லர் மரப்பலகையில். மேல் விளிம்பிலிருந்து தலை வரை ஒரு பழைய விரிசல் இறங்குகிறது. இன்று அது காற்றும் ஈரமும் கட்டுப்படுத்தப்பட்ட கண்ணாடிப் பேழைக்குள் இருப்பதற்குத் திருட்டு பயம் மட்டும் காரணமில்லை.

காற்றின் ஈரப்பதத்தை அளக்கும் ஒரு சிறிய டிஜிட்டல் ஹைக்ரோமீட்டர் வாங்கி, ஓவியத்தின் அருகில் வைத்து, இரண்டு வாரம் காலையும் இரவும் குறித்துக்கொள்ளுங்கள். ஈரப்பதம் 40 முதல் 60 சதவீதத்துக்குள் இருந்தால் பெரும்பாலான படைப்புகளுக்குப் போதும். 65ஐத் தாண்டி நின்றால் பூஞ்சணம் பிடிக்கும். 35க்குக் கீழே போனால் காகிதமும் பசையும் மொறுமொறுப்பாகும். ஆனால் எண்ணைவிட முக்கியம் ஏற்ற இறக்கம். 58இலேயே நிற்கும் அறை, பகலில் 40க்கும் இரவில் 70க்கும் ஊசலாடும் அறையைவிட எவ்வளவோ நல்லது. விருந்தினர் வரும்போது மட்டும் ஏசி போட்டு அணைக்கும் அறையில் மரப்பலகை ஓவியத்தை மாட்டாதீர்கள்.

சமையலறை, குளியலறைச் சுவர், ஏசி காற்று நேராக அடிக்கும் இடம், அடுப்புக்கோ ஹீட்டருக்கோ மேலே உள்ள சுவர் எல்லாம் விலக்க வேண்டியவை. மழைநீர் படும் வெளிச்சுவரின் உட்புறத்தில்தான் மாட்டியாக வேண்டும் என்றால், சட்டத்தின் கீழ் மூலைகளில் சிறு கார்க் துண்டுகளை ஒட்டுங்கள். சுவருக்கும் ஓவியத்துக்கும் நடுவில் காற்று ஓடும். சுவரின் ஈரம் நேராகப் பின்புறத்தில் ஏறாது.

படி 5: சட்டத்தைத் திறந்து பாருங்கள்

சட்டம் அலங்காரத்துக்கு மட்டும் அல்ல, அது ஓவியத்தின் வீடு. அந்த வீட்டுக்குள் என்ன இருக்கிறது என்று பெரும்பாலோருக்குத் தெரியாது. மட்டமான மரக்கூழ் அட்டை, செலோ டேப், சில சமயம் வெறும் பெட்டி அட்டை. மவுண்ட் அட்டையின் வெட்டு விளிம்பை ஒட்டிக் காகிதத்தில் பழுப்புக் கோடு ஓடுகிறதா? அட்டையின் அமிலம் காகிதத்தைச் சுட்ட தடம் அது.

காகிதப் படைப்பாக இருந்தால், சட்டம் போடுபவரிடம் இவற்றைச் சொல்லிக் கேளுங்கள். முன்னும் பின்னும் உள்ள அட்டைகள் அமிலமற்றவையாக, முடிந்தால் பருத்தி நாரால் ஆனவையாக இருக்க வேண்டும். படத்தைப் பசை தடவி அட்டையோடு முழுக்க ஒட்டக் கூடாது. மேல் விளிம்பில் மட்டும் ஜப்பானியத் தாளால் இரண்டு சிறு கீல்கள் வைத்து, கோதுமை மாவுச்சத்துப் பசையால் ஒட்ட வேண்டும். அந்தப் பசை ஈரம் பட்டால் இளகும், நாளைக்கு அகற்றலாம். டேப்பின் பசை அப்படியல்ல. முதலில் ஒட்டும், பிறகு காகிதத்துக்குள் ஊறும், கடைசியில் டேப் உதிர்ந்துபோன பின்னும் பழுப்புக் கறை நிற்கும். நெடுநாள் பாதுகாப்புக்கு உகந்தது என்ற பொருளில் ‘ஆர்க்கைவல்’ என்று எழுதியிருக்கும் டேப்பும் மூலத்தின் மேல் வேண்டாம்.

கண்ணாடி படத்தைத் தொடக் கூடாது. ஈரமான நாளில் கண்ணாடியின் உட்புறம் வேர்க்கும்; புகைப்படமென்றால் அதோடு ஒட்டிக்கொள்ளும், பிறகு பிரிக்கவே முடியாது. மவுண்டோ இடைச்சட்டமோ போட்டு இடைவெளி விடச் சொல்லுங்கள். பேஸ்டல், கரி ஓவியங்களுக்கு அக்ரிலிக் தகடு கூடாது. அதன் நிலைமின்சாரம் தூளை உறிஞ்சி எடுத்துவிடும்.

எண்ணெய், அக்ரிலிக் கேன்வாஸ் ஓவியங்களுக்குக் குறைந்த செலவில் செய்யக்கூடிய மிகப் பெரிய உதவி, பின்புறத்தை ஓர் அட்டையால் மூடுவது. தூசு, சுவரின் ஈரம், கதவு அறையும் அதிர்வு, சாய்த்து வைக்கும்போது நாற்காலி முனை குத்துவது எல்லாவற்றையும் அது தாங்கும். திருகாணிகளைச் சட்டத்தின் கட்டைகளில் மட்டும் முடுக்க வேண்டும், கேன்வாஸைத் தொடக் கூடாது. மாட்டுவதற்குச் சுவரில் ஒரு ஆணி போதாது. இரண்டு கொக்கிகள், சட்டத்தின் இரு பக்கமும் உலோக வளையங்கள். ஓவியங்கள் விழுவது பெரும்பாலும் பழைய கயிறு அற்றுத்தான்.

படி 6: சுத்தம் செய்யும் ஆசையை அடக்குங்கள்

வண்ணம் உறுதியாக இருக்கும் எண்ணெய் ஓவியத்தில், மிக மென்மையான அகன்ற தூரிகையால் மேலிருந்து கீழாகத் தூசைத் தட்டலாம். ஆண்டுக்கு ஒருமுறை போதும். துணி கூடாது, இறகுத் துடைப்பம் கூடாது. இரண்டும் தூக்கி நிற்கும் செதிலில் மாட்டி இழுத்துவிடும். கண்ணாடியைத் துடைக்கும்போது திரவத்தைத் துணியில் தெளியுங்கள், கண்ணாடியில் அல்ல. ஓரத்தில் வழிந்து உள்ளே இறங்கும். அவ்வளவுதான். வீட்டில் செய்யக்கூடிய சுத்தம் இத்தோடு முடிகிறது.

உருளைக்கிழங்கை வெட்டித் தேயுங்கள், ரொட்டித் துண்டால் ஒற்றுங்கள், சோப்பு நீர் தொடுங்கள் என்று வரும் யோசனைகள் எல்லாம் மாவுச்சத்தையும் எண்ணெயையும் ஈரத்தையும் விரிசல்களுக்குள் திணிப்பவை. பூஞ்சணத்துக்கும் பூச்சிக்கும் வைக்கும் விருந்து அது. வல்லுநர்கள் சில நேரம் எச்சிலைப் பஞ்சில் தொட்டு அழுக்கை எடுப்பது உண்மைதான். அதன் நொதிகள் அழுக்கைக் கரைக்கும். ஆனால் எந்த இடத்தில் வண்ணம் கரையும், எங்கே கரையாது என்று சோதித்து அறிந்தபின் செய்யும் வேலை அது.

நல்லெண்ணம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு அஜந்தாவே சான்று. 1920களின் தொடக்கத்தில் அங்குள்ள ஓவியங்களைக் காப்பாற்ற இத்தாலியிலிருந்து வல்லுநர்கள் வந்தார்கள். பெயர்ந்த சாந்தை உறுதிப்படுத்திய அவர்களின் வேலை பயன் தந்தது. ஆனால் மேலே பூசிய அரக்கு வார்னிஷ் நாளடைவில் மஞ்சளாகி, தூசையும் பிடித்துக்கொண்டு, காக்க வந்த நிறங்களையே மறைத்தது. அதை அகற்றப் பின்னால் வந்தவர்கள் பல ஆண்டுகள் உழைக்க வேண்டியிருந்தது. 2012இல் ஸ்பெயினின் போர்ஹா ஊர் தேவாலயத்தில் உதிர்ந்துகொண்டிருந்த கிறிஸ்து ஓவியத்தைத் தாமே சரிசெய்ய முயன்ற முதியவரும் அன்பினால்தான் தூரிகையை எடுத்தார். உலகம் சிரித்தது, எனக்குச் சிரிப்பு வரவில்லை. உதிர்வதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியாத அந்த மனம் நம் எல்லோருக்கும் இருக்கிறது.

உடைந்த மண், கண்ணாடிப் பொருள்களுக்கும் இதே கவனம் வேண்டும். பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் போர்ட்லாந்து குவளை 1845இல் சுக்குநூறாக உடைக்கப்பட்டது. அதை அதே ஆண்டு ஒட்டினார்கள், 1940களின் இறுதியில் பிரித்து மறுபடி ஒட்டினார்கள், 1980களின் இறுதியில் மூன்றாம் முறை ஒட்டினார்கள். ஒவ்வொரு முறையும் பழைய பசை தளர்ந்தும் மஞ்சளாகியும் போயிருந்தது. முந்தையவர்களின் பசை பிரிக்கக்கூடியதாக இருந்ததால்தான் அடுத்தவர் தம் வேலையைச் செய்ய முடிந்தது. வீட்டில் ஒரு கிண்ணம் உடைந்தால் சூப்பர் குளூவைத் தேடாதீர்கள். எல்லாத் துண்டுகளையும், தூள் உட்பட, தனித்தனியாக மென்தாளில் சுற்றி எடுத்து வையுங்கள். உடைந்த விளிம்புகளை ஒன்றோடொன்று பொருத்திப் பார்ப்பதும் வேண்டாம், உரசினால் விளிம்பு தேயும்.

தொடும்போது கையுறை வேண்டுமா? காகிதத்துக்கு வேண்டாம்; கழுவி உலர்த்திய வெறுங்கையே நல்லது. பருத்திக் கையுறையில் விரலுக்கு உணர்வு குறைந்து காகிதம் கிழியும். உலோகத்துக்கும் புகைப்படத்துக்கும் மட்டும் நைட்ரைல் கையுறை போடுங்கள்.

படி 7: பெட்டிக்குள் வைக்கும்போது

பரண் வெப்பம், அடித்தளம் ஈரம். வீட்டின் நடுவில் உள்ள அலமாரிதான் சரியான இடம், அதுவும் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில். காகிதங்களைச் சுருட்டாமல் தட்டையாக, இடையிடையே அமிலமற்ற தாள் வைத்து அடுக்குங்கள். பிளாஸ்டிக் உறை என்றால் பாலியெஸ்டர், பாலிபுரொப்பிலீன், பாலிஎத்திலீன் மட்டுமே; மெத்தென்று நெடி வீசும் பிவிசி உறை புகைப்படத்தைக் கெடுக்கும். கேன்வாஸ் ஓவியங்களை நிமிர்த்தி, முகத்தோடு முகம் அல்லது முதுகோடு முதுகு பார்க்க, நடுவில் கெட்டி அட்டை வைத்து நிறுத்துங்கள்.

மாதம் ஒருமுறை திறந்து பாருங்கள். மரத்தூள் போன்ற பொடி, சிறு துளைகள், சுரண்டிய காகிதம் தெரிந்தால் அந்தப் பொருளை உடனே பாலிதீன் பையில் இட்டு மூடி, மற்றவற்றிலிருந்து பிரியுங்கள். பூச்சிமருந்து தெளிக்காதீர்கள், கறை படியும். துணியும் புத்தகமும் என்றால், காற்றை வெளியேற்றி மூடிய பையோடு மைனஸ் 18 பாகைக்குக் கீழே குளிரும் உறைபெட்டியில் இரண்டு வாரம் வைத்து, வெளியே எடுத்தபின் பையைத் திறக்காமல் ஒருநாள் விட்டால் பூச்சியும் முட்டையும் செத்துவிடும். எண்ணெய், அக்ரிலிக் ஓவியம், வண்ணம் பூசிய மரம், கண்ணாடி, பழைய புகைப்படத் தகடு எதற்கும் இந்த முறை கூடாது.

படி 8: இடம் மாற்றும்போது

கதவுகளைத் திறந்து, வழியைக் காலிசெய்து, வைக்கப்போகும் இடத்தைத் தயார்செய்த பிறகே ஓவியத்தைத் தொடுங்கள். சட்டத்தின் மேல் கட்டையைப் பிடித்துத் தூக்காதீர்கள். ஒரு கை அடியில், ஒரு கை பக்கத்தில். பப்பிள் ராப் வண்ணத்தில் நேராகப் படக் கூடாது, குமிழ் வட்டங்கள் அப்படியே பதிந்துவிடும். முதலில் சிலிக்கோன் பூசிய வழுக்குத் தாள், அதன்மேல் குமிழ் வெளிப்புறம் பார்க்க பப்பிள் ராப், இருபுறமும் கெட்டி அட்டை. போய்ச் சேர்ந்ததும் பிளாஸ்டிக்கைப் பிரித்துவிடுங்கள்.

படி 9: நனைந்துவிட்டால்

பூஞ்சணம் பிடிக்க 24 முதல் 48 மணி நேரம் போதும். அதற்குள் செய்ய வேண்டியவை இவை.

மின்விசிறியைப் போட்டு அறையில் காற்றோட்டம் உண்டாக்குங்கள், நேராக ஓவியத்தில் அடிக்க வேண்டாம். வெயிலில் வைக்காதீர்கள், ஹேர் டிரையர் காட்டாதீர்கள். கேன்வாஸை அலங்காரச் சட்டத்திலிருந்து எடுங்கள், ஆனால் இழுத்துக் கட்டிய உள்கட்டையிலிருந்து பிரிக்காதீர்கள், சுருங்கிவிடும். முகம் மேலே பார்க்கப் படுக்கவைத்து, கேன்வாஸின் அடிப்பக்கம் எதிலும் படாமல் உலரட்டும். நனைந்த காகிதத்தை வெறுங்கையால் தூக்கினால் தன் எடையிலேயே கிழியும். கீழே ஒரு பாலியெஸ்டர் தாளை நுழைத்து, அதோடு சேர்த்துத் தூக்கி, வெள்ளை உறிஞ்சுதாளின் மேல் வையுங்கள்.

புகைப்படங்கள் ஒன்றோடொன்று ஒட்டியபடி உலர்ந்தால் முடிந்தது கதை. தண்ணீருக்குள் இருக்கும்போதே, சுத்தமான குளிர்ந்த நீரில் வைத்து மெல்லப் பிரித்து, படம் மேலே பார்க்கப் பரப்புங்கள். எண்ணிக்கை அதிகம், எல்லாவற்றையும் இரண்டு நாளில் உலர்த்த முடியாது என்றால், காகிதங்களையும் காகிதத்தில் அச்சிட்ட புகைப்படங்களையும் சிறு கட்டுகளாக, இடையே மெழுகுத்தாள் வைத்து, உறைபெட்டியில் வையுங்கள். அழிவு அங்கேயே நின்றுவிடும். பிறகு நிதானமாக ஒவ்வொன்றாக எடுத்து உலர்த்தலாம். நனைந்த நூல்களைக் காப்பாற்ற உலகெங்கும் நூலகங்கள் கையாளும் முறை இதுதான். கேன்வாஸ் ஓவியத்தை மட்டும் உறையவைக்காதீர்கள்.

படி 10: வல்லுநரிடம் போகும்போது

உதிரும் வண்ணம், கிழிசல், பூஞ்சணம், மஞ்சளான வார்னிஷ், பழைய ஒட்டுவேலை ஆகிய ஐந்துக்கும் வல்லுநர்தான் வழி. அருகில் உள்ள பெரிய அருங்காட்சியகத்தின் கலைப்பொருள் பாதுகாப்புப் பிரிவில் கேட்டால், யாரிடம் போகலாம் என்று வழிகாட்டுவார்கள். ஓவியம் வரையத் தெரிந்தவர் எல்லாம் இந்த வேலைக்கு உரியவர் அல்ல. காகித வல்லுநர் வேறு, எண்ணெய் ஓவிய வல்லுநர் வேறு, துணி வல்லுநர் வேறு.

அவரிடம் நான்கு கேள்விகள் கேளுங்கள். என்ன பொருளைப் பயன்படுத்தப்போகிறீர்கள்? நாளைக்கு அதை அகற்ற முடியுமா? எதைச் செய்யாமல் விடப்போகிறீர்கள்? முன்னும் பின்னும் படங்களோடு எழுத்தறிக்கை தருவீர்களா? மூன்றாவது கேள்விக்குத் தெளிவாகப் பதில் சொல்பவரை நம்பலாம் என்பது என் எண்ணம். புதிதுபோல ஆக்கித் தருகிறேன் என்பவரிடமிருந்து ஓவியத்தைத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள்.

வேலை முடிந்ததும் அந்த அறிக்கையை, முதல் நாள் நீங்கள் எடுத்த படங்களோடும் பென்சில் குறிப்புகளோடும் ஓர் அமிலமற்ற உறையில் இட்டு, ஓவியத்தின் பின்புற அட்டையில் பொருத்திவிடுங்கள். கேன்வாஸில் அல்ல, அட்டையில். பிரதி ஒன்று வேறிடத்தில் இருக்கட்டும். உறையின் மேல் ஓவியரின் பெயர், ஆண்டு, உங்களுக்கு எப்படி வந்தது என்ற மூன்றையும் எழுதுங்கள், பென்சிலால்.